கழட்டி வைத்த டிஸ்க்: முதலாம் குறுக்குத்தெருவிலிருந்து ஒரு சின்ன வரலாறு

"மொதல்ல இதக் கழட்டி வைங்க தம்பி. பொறகு பேசுவம்."

புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் சார்ஜர்களும் டோர்ச்சுகளும் தோரணம் மாதிரித் தொங்குகிற கடைகளுக்கு இடையில், ஒரு மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிக் கிடக்கிற ரிப்பேர் கடை அது. நாங்கள் மூன்று பேர். பழைய டெஸ்க்டொப் ஒன்றின் சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனையிலிருந்து த்ரீவீலரில் வந்திருந்தோம். பவர் சப்ளை செத்துப்போயிருந்தது. அதை மாற்றும்போதே லினக்ஸையும் போட்டுவிடலாம் என்பது திட்டம். 2025 ஒக்டோபர் 14ஓடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் கைகழுவிவிட்டது. விண்டோஸ் 11ஓ இந்த மெசினைத் திரும்பியும் பார்க்காது.

நானா புதுப் பவர் சப்ளையைப் பூட்டினார். ஆனால் சுவிட்ச் போடவில்லை. உள்ளே இரண்டு டிஸ்க் இருந்தன. 2018இல் விண்டோஸுக்காக வாங்கிப் போட்ட 120 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்று, மற்றது 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், கனமானது, பழையது. நானா அந்தப் பழையதைத்தான் விரலால் தட்டிக் காட்டினார்.

எங்களுக்குக் கொஞ்சம் ரோஷம். எந்த டிஸ்க்கில் போடவேண்டும் என்று இன்ஸ்டோலரே கேட்கும்தானே, பார்த்துத் தெரிவு செய்தால் போச்சு, ஏன் கழட்ட வேண்டும் என்று கேட்டோம். அவர் ஸ்க்ரூ டிரைவரைத் தேடிக்கொண்டே சொன்னார்:

"மெசினுக்கு ரெண்டும் ஒன்டுதான் தம்பி. ஒங்களுக்குத்தான் அதுல ஒன்டு பெரியப்பா."

பெரியப்பா எங்களில் ஒருத்தியின் பெரியப்பா. போன வருஷம் காலமாகிவிட்டார். அந்த 320 ஜிபிக்குள் என்ன இருக்கிறது என்று வழியில் வரும்போது நாங்கள் நானாவுக்குச் சொல்லவில்லை, கடைக்குள் வந்து சொன்னதுதான். அதைக் கேட்ட பிறகுதான் அவர் சுவிட்ச்சில் கை வைக்காமல் நின்றார். இந்தக் கட்டுரை அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றியது. ஒரு டிஸ்க்கைக் கொஞ்ச நேரத்துக்குக் கழட்டி வைப்பது என்கிற இந்தச் சின்ன வேலைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். ஆவணம் எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்பதைத்தானே நாங்கள் மூன்று வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறோம்.

நானா சொன்னது வெறும் பயமல்ல. விண்டோஸ் இன்ஸ்டோல் பண்ணும்போது வருகிற திரையை நினைத்துப் பாருங்கள். டிரைவ் 0, டிரைவ் 1 என்று இலக்கங்கள் வரும், பக்கத்தில் அளவு வரும். கொம்பனிப் பெயர் வராது. இரண்டும் ஒரே அளவான டிஸ்க் என்றால் எது எதுவென்று கண்டுபிடிப்பது கஷ்டம். எங்கட நண்பன் ஒருவனுக்குப் போன வருஷம் இதுதான் நடந்தது. விண்டோஸ் போடக் கொடுத்த இடத்தில் (கடையின் பெயர் வேண்டாம், அவர்கள் கெட்டவர்களும் இல்லை) 500 ஜிபி இரண்டில் தவறானதைக் 'டிலீட்' பண்ணிவிட்டார்கள். நாலு வருஷத்துப் படங்கள். பின்னேரம் ஆறு மணி, கடை பூட்டுகிற அவசரம், ஒரு கிளிக்.

சரியான டிஸ்க்கைத் தெரிவு செய்தாலும் இன்னொரு பொறி இருக்கிறது, இது பலருக்குத் தெரியாது. கணினி எழும்பும்போது முதலில் வாசிக்கிற சின்னக் கோப்புகள், அதாவது பூட் கோப்புகள், நீங்கள் தெரிவு செய்த டிஸ்க்கிலேயே போய் உட்காரும் என்று உத்தரவாதம் இல்லை. ஏற்கனவே அப்படியொரு பகுதி மற்ற டிஸ்க்கில் இருந்தால் விண்டோஸ் அதையே பாவித்துக்கொள்ளும். உபுண்டுவின் இன்ஸ்டோலரிலும் நீண்ட காலமாக இதே குறை இருந்தது. பூட் லோடரை இந்த டிஸ்க்கில் வை என்று நீங்கள் சொன்னாலும் அது முதலாவது டிஸ்க்கைத் தேடிப்போய் எழுதிவிடும். உடனே ஒன்றும் தெரியாது, எல்லாம் ஒழுங்காக ஓடும். ஒரு வருஷம் கழித்துப் பழைய டிஸ்க் பழுதாகிக் கழட்டினால் புது டிஸ்க்கும் சேர்ந்து எழும்பாது. அப்போதுதான் விளங்கும், வீடு இங்கே, வாசற்படி பக்கத்து வீட்டில் என்று.

டிஸ்க் அங்கே இல்லையென்றால் அதில் எழுத முடியாது. இதைவிட உறுதியான பாதுகாப்பு எந்த மென்பொருளிலும் கிடையாது. பயோஸில் போய் அந்தப் போர்ட்டை நிறுத்தி வைக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். பழைய மெசின்களில் அதையும் நம்ப முடியாது. பயோஸில் 'இல்லை' என்று போட்டு வைத்தாலும் லினக்ஸ் தானாகவே தேடி டிஸ்க்கைக் கண்டுபிடித்துவிடும். வயர் இல்லாவிட்டால் மட்டும்தான் கண்டுபிடிக்காது.

இனி வரலாற்றுக்கு வருவம்.

1956 செப்டெம்பரில் ஐ.பி.எம். கொம்பனி ராமக் என்ற கணினியை அறிவித்தது. உலகத்தின் முதலாவது வர்த்தக ஹார்ட் டிஸ்க் அதோடுதான் வந்தது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக, ஒரு தொன்னுக்கு மேல் பாரம். அத்தனைக்கும் சேர்த்துக் கொள்ளளவு 50 இலட்சம் எழுத்து. இன்றைக்குப் போனில் எடுக்கிற ஒரு படத்துக்குச் சரி. அதைக் கழட்டி வைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. மாத வாடகை 3,200 டொலர்.

ஆனால் ஆறு வருஷத்தில் கதை மாறியது. 1962இல் அதே கொம்பனி 1311 என்ற டிரைவைக் கொண்டுவந்தது. அதில் டிஸ்க்கை மட்டும் தனியாகத் தூக்கி எடுக்கலாம். ஆறு தட்டுகள், மேலே கைபிடி வைத்த மூடி, பார்த்தால் கேக் டப்பா மாதிரி இருக்கும். பத்து இறாத்தல் பாரம். எங்கட கணக்கில் பத்து இறாத்தல் பாண்! காலையில் சம்பளக் கணக்கு டிஸ்க்கைப் போட்டு வேலை முடித்து, அதைக் கழட்டி அலுமாரியில் வைத்துவிட்டு, பின்னேரம் களஞ்சியக் கணக்கு டிஸ்க்கைப் போடுவார்கள். டிரைவ் விலையானது, டிஸ்க் ஓரளவு மலிவு, அதனால்தான் இந்த ஏற்பாடு. எங்களுக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. அந்தக் காலத்து ஒப்பரேட்டருக்குக் கழட்டி வைப்பது ஒரு அவசர வேலையே இல்லை, அதுதான் அன்றாட வேலை. அலுமாரிக்குள் இருக்கிற டிஸ்க்கை எந்தப் புரோகிராமும் பிழையாக எழுதிவிட முடியாது என்பது யாரும் சொல்லித்தராமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

1973இல் வந்த 3340தான் திருப்பம். வின்செஸ்டர் என்பது அதன் செல்லப்பெயர். டிஸ்க்கை வாசிக்கிற தலை, தட்டின்மேல் படாமல் மெல்லிய காற்றுப் படலத்தில் மிதக்கும். அந்த இடைவெளியை அவர்கள் மிகவும் குறைத்துவிட்டார்கள். குறைக்கக் குறைக்கக் கொள்ளளவு கூடும். ஆனால் அந்த உயரத்தில் ஒரு தூசி ஒரு மலை. அதனால் தலையையும் தட்டையும் ஒரே பெட்டிக்குள் வைத்து அடைத்தார்கள். முதலில் அந்தப் பெட்டியையும் கழட்டக்கூடியதாகத்தான் செய்தார்கள். இரண்டு வருஷத்தில் வந்த அடுத்த மாடல் அதையும் நிரந்தரமாகப் பூட்டிவிட்டது. 1980இல் ஷுகார்ட் டெக்னொலொஜி (பிறகு சீகேட்) 5 எம்பி அளவில் மேசைக் கணினிக்கு ஏற்ற சின்ன டிஸ்க்கைக் கொண்டுவந்தது. 1983 மார்ச்சில் ஐ.பி.எம். பிசி எக்ஸ்.டி. 10 எம்பி டிஸ்க்கோடு வந்தபோது அதற்கு அவர்கள் வைத்த பெயரே 'ஃபிக்ஸ்ட் டிஸ்க்'. அசையாத டிஸ்க். உண்மையிலேயே அசைக்கப் பயப்பட வேண்டிய சாமான். அந்தக் காலத்து டிஸ்க்குகள் பலவற்றில், மெசினைத் தூக்குவதற்கு முன் 'பார்க்' என்று ஒரு கட்டளை கொடுத்து, தலையைப் பாதுகாப்பான இடத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். மறந்தால் தலை தட்டில் உரசும்.

அதே 1983, ஆடி மாதம் கொழும்பில் என்ன நடந்தது என்று எங்களை வாசிக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. புறக்கோட்டையில் தமிழர் கடைகள் வரிசையாக எரிந்தன. பெரியப்பாவின் வீடு வெள்ளவத்தைப் பக்கம், அதுவும் போனது. நகை, தளபாடம் எல்லாம் பிறகு ஏதோவொரு விதத்தில் வந்துவிட்டது என்பார். ஆல்பம்தான் வரவில்லை. அவருடைய அப்பா, அம்மாவின் கலியாணப் படம், தங்கச்சி பிறந்தபோது எடுத்தது, ஸ்கூல் குரூப் ஃபோட்டோ, ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை என்பதும் முழு உண்மையல்ல. அந்தக் காலத்தில் ஒரு படம் கழுவினால் நாலு கொப்பி போடுவார்கள். யாழ்ப்பாணத்தில் மாமிக்கு ஒன்று, லண்டனில் சித்தப்பாவுக்கு ஒன்று. 2000களில் பெரியப்பா ஒரு ஸ்கேனர் வாங்கி, சொந்தக்காரர் எல்லோருக்கும் கடிதமும் பிறகு ஈமெயிலும் போட்டு, முன்பு தங்கள் வீட்டிலிருந்து அனுப்பிய படங்களைத் திருப்பிக் கடனாகக் கேட்டார். வந்ததை ஸ்கேன் பண்ணிவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். எரிந்த ஆல்பத்தை வெளியிலிருந்து ஒவ்வொரு பக்கமாகத் திரும்பக் கட்டினார் என்று சொல்லலாம். அதுதான் அந்த 320 ஜிபி.

பெரியப்பா செய்தது அவருக்கு மட்டும் தோன்றிய யோசனையும் அல்ல. 1981 ஜூன் முதலாம் திகதிக்கு முந்திய இரவில் யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போனதாகச் சொல்லப்படுகிறது. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் அதற்குப் பிறகு வந்த தலைமுறையின் பதில். எங்கெங்கோ வீடுகளில் தப்பிக் கிடந்த பிரதிகளைத் தேடி ஸ்கேன் பண்ணி எல்லோருக்கும் திறந்து வைத்தார்கள். எங்கட முதலாம் வருஷ அசைன்மென்ட் பாதி அதில்தான் நிற்கிறது.

இதற்கிடையில் டிஸ்க்குகள் திரும்பவும் கழட்டக்கூடியதாக மாறிவிட்டன. கொம்பனிகள் அப்படி நினைத்துச் செய்ததாகத் தெரியவில்லை, ஆனால் புறக்கோட்டை மாதிரி இடங்களில் அப்படித்தான் ஆனது. 80களின் நடுவில் வந்த ஐ.டி.ஈ. முறை, டிஸ்க்கைக் கட்டுப்படுத்துகிற சர்க்கிட்டை டிஸ்க்கோடேயே ஒட்டிவிட்டது. அதனால் ஒரு மெசினில் கழட்டி இன்னொரு மெசினில் போட்டால் அது பேசும். நானா இந்தத் தெருவுக்கு வேலை பழக வந்தது 90களின் கடைசியில். பழைய கணக்கைக் கேட்டால் கையைக் காட்டுகிறார், இரண்டு பெருவிரலிலும் தழும்பு. நாலு ஓட்டை வைத்த அந்த வெள்ளைப் பவர் கொனெக்டர் அப்படி இறுகிப் பிடிக்குமாம். மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், நடுவில் இரண்டு கறுப்பு. டேட்டாவுக்குப் பட்டை வயர், 40 ஊசி. வயரைப் பிடித்து இழுத்தால் ஊசி வளையும், ஒரு ஊசி வளைந்தால் டிஸ்க் சரி.

ஒரே பட்டை வயரில் இரண்டு டிஸ்க் போடலாம். ஒன்று மாஸ்டர், மற்றது ஸ்லேவ். (இந்தப் பெயர்களைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம், இப்போது வேண்டாம்.) எது எதுவென்று சொல்வதற்கு டிஸ்க்கின் பின்புறத்தில் அரிசி அளவில் ஒரு ஜம்பர். இங்கேதான் தற்காலிகமாகக் கழட்டுகிறவர்கள் மாட்டுப்படுவார்கள். வெஸ்டேர்ன் டிஜிட்டல் டிஸ்க்குகள் பலவற்றில் 'மாஸ்டர்' என்பதும் 'தனி' என்பதும் வேறு வேறு ஜம்பர் இடங்கள். ஸ்லேவைக் கழட்டி வைத்துவிட்டு மாஸ்டரின் ஜம்பரை மாற்ற மறந்தால், இருக்கிற டிஸ்க்கும் காணாமல் போகும். ஆள் பயந்துபோய் நானாவிடம் ஓடி வருவார். நானா ஜம்பரைப் பிடுங்கி வேறு இடத்தில் குத்திவிட்டு 200 ரூபா வாங்குவாராம். "ஹலாலான காசுதான், அவங்களுக்கு நிம்மதி கெடச்சிச்சே" என்று சிரிக்கிறார்.

வைரஸ் காலம் இந்தப் பழக்கத்தை இன்னும் கூட்டியது. 1999 ஏப்ரல் 26இல் சி.ஐ.எச். வைரஸ் வெடித்தது. டிஸ்க்கின் முதலாவது ஒரு எம்பியை அழித்துவிட்டு பயோஸையும் கெடுக்கப் பார்க்கும். செர்னோபில் விபத்தின் திகதியும் அதுவே என்பதால் செர்னோபில் வைரஸ் என்றார்கள். அன்றைக்குப் பலருக்குக் கிடைத்த ஆலோசனை, கணினியின் திகதியை 27க்கு மாற்றி வைத்துவிடுங்கள் என்பது! நானாவின் முதலாளி திகதியை நம்பவில்லை. சந்தேகமான மெசினின் டிஸ்க்கைக் கழட்டி, நல்ல மெசினில் ஸ்லேவாகப் போட்டு, அங்கிருந்தே துடைப்பார். நோயாளியை எழுப்பாமல் வைத்தியம் பார்ப்பது.

அந்தக் காலத்துச் சாமான் ஒன்று எங்களை மிகவும் கவர்ந்தது. மொபைல் ரேக். டிஸ்க்கை ஒரு லாச்சிக்குள் பூட்டி, சிடி டிரைவ் போடுகிற இடத்தில் செருகிவிடுவது. முன்பக்கம் ஒரு திறப்புத் துவாரம், சின்னத் திறப்பு. திறப்பைத் திருப்பினால் டிஸ்க்குக்குப் பவர் நிற்கும், கைபிடியைப் பிடித்து இழுத்தால் லாச்சி கையோடு வரும். 1962இன் கேக் டப்பா, 40 வருஷம் கழித்துப் பிளாஸ்டிக்கில்.

வெள்ளவத்தையில் கணக்கியல் டியூஷன் கொடுத்த மாமா ஒருவர் (எங்களில் இன்னொருவருடைய மாமா) இதைப் பாவித்திருக்கிறார். இரண்டு லாச்சி. ஒன்று பிள்ளைகள் கேம் விளையாட, மற்றது அவருடைய நோட்ஸும் வீட்டுப் படங்களும். 2007 ஜூன் 7 அன்று கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த 370க்கும் மேற்பட்ட தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள். அடுத்த நாளே உயர்நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. மாமா லொட்ஜில் இருந்தவரல்ல, சொந்த ஃபிளாட், பதிவு எல்லாம் இருந்தது. இருந்தாலும் அந்தக் கிழமை அவர் வீட்டைப் பூட்டிவிட்டு நீர்கொழும்பில் நண்பர் வீட்டுக்குப் போய்விட்டார்.

"வெளிக்கிடேக்க ஒரு பைதான் எடுத்தது. பாஸ்போட், காணி உறுதி, அந்த லாச்சி. அதுக்குள்ள ஒரு ரகசியமும் இல்லையடா. ஓ/எல் நோட்ஸும் கலியாணப் படமும்தான். ஆனா மெசினோட விட்டுட்டுப் போக மனம் வரேல்ல."

காணி உறுதியோடு ஒரு ஹார்ட் டிஸ்க். இதை எழுதும்போதுதான் எங்களுக்கு உறைக்கிறது, அந்தப் பையில் கணினி இல்லை. கணினி திரும்ப வாங்கலாம்.

2003க்குப் பிறகு சாட்டா வயர் வந்து வேலை இலகுவாகிவிட்டது. மெல்லிய வயர், ஒரு டிஸ்க்குக்கு ஒரு வயர், ஜம்பர் தேவையில்லை, எல் வடிவத்தில் இருப்பதால் மாறிச் செருகவும் முடியாது. ஆரம்பத்து வயர்களில் கொளுக்கி இல்லாததால் தானாகவே கழன்று வந்து ஆளைப் பயமுறுத்தும்; பிறகு உலோகக் கிளிப் வைத்தார்கள். கிளிப்பை அமத்தாமல் இழுத்தால் டிஸ்க்கின் பிளாஸ்டிக் உடையும், கவனம். இன்னொரு விஷயம்: கணினிக்குள் இருக்கிற சாட்டா கொனெக்டரைச் சுமார் 50 தடவை கழட்டிப் பூட்டத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள். எப்போதாவது செய்கிற வேலைக்குத் தாராளம். மாமாவின் லாச்சி மாதிரித் தினமும் செய்கிற வேலைக்கல்ல.

பெரியப்பாவின் டிஸ்க் ஏன் 320 ஜிபி என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. 2011 கடைசியில் தாய்லாந்தில் பெருவெள்ளம். உலகத்தின் ஹார்ட் டிஸ்க்குகளில் பெரும் பங்கு அங்கேதான் செய்யப்பட்டது. வெஸ்டேர்ன் டிஜிட்டலின் தொழிற்சாலை தண்ணீருக்குள். சில மாடல்களின் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. பெரியப்பா 1 டிபி வாங்கவென்று புறக்கோட்டைக்கு வந்து, விலையைக் கேட்டுவிட்டு, இதை வாங்கிக்கொண்டு போனார். இரண்டாவது டிஸ்க் ஒன்று வாங்கி எல்லாவற்றையும் கொப்பி பண்ணி வைக்கிற யோசனை அப்போது தள்ளிப்போனது. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் போனபோது அது இன்னும் தள்ளிப்போனது. பிரதி எடுக்கக் காசில்லாத இடத்தில்தான் கழட்டி வைக்கிற பழக்கம் செழித்தது என்பது எங்கட கணிப்பு. இதை நாங்கள் மெச்சிச் சொல்லவில்லை. கழட்டி அலுமாரிக்குள் வைத்த ஒரே ஒரு டிஸ்க்கும் ஒருநாள் தானாகச் சாகும். கழட்டி வைப்பது ஒரு பிழையான கிளிக்கிலிருந்து தப்ப வைக்கும், அவ்வளவுதான்.

சில நேரம் அந்த 'அவ்வளவுதான்' ஒரு பெரிய கொம்பனியையே காப்பாற்றும். 2017 ஜூன் 27. நொட்பெட்யா என்ற நாசகார மென்பொருள் உக்ரைனில் தொடங்கி உலகம் முழுக்கப் பரவியது. கப்பல் கொம்பனியான மேர்ஸ்க் விழுந்தது. முதலாம் குறுக்குத்தெருவிலிருந்து ஐந்து நிமிஷம் நடந்தால் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும். அங்கே அடுக்கியிருக்கிற கொன்டெய்னர்களில் அந்தப் பெயரை எல்லோரும் பார்த்திருப்போம். யார் எந்தக் கணினிக்குள் நுழையலாம் என்ற பதிவேட்டைச் சுமார் 150 சேர்வர்களில் அவர்கள் பிரதி பண்ணி வைத்திருந்தார்கள். ஒன்று போனால் மற்றது இருக்கும் என்ற நம்பிக்கை. ஆனால் அத்தனையும் ஒன்றோடொன்று இணைந்திருந்தன, அதனால் அத்தனையும் ஒரே நேரத்தில் போயின. கானா நாட்டு அலுவலகத்தில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது. ஏன் தெரியுமா? அந்த நேரம் அங்கே கரண்ட் கட். அந்த சேர்வர் வலையமைப்பிலிருந்து விழுந்து கிடந்தது.

அதிலிருந்த தரவை இணையத்தில் அனுப்பலாம் என்றால் வேகம் போதாது, நாள்கணக்கில் எடுக்கும். கையால் கொண்டுபோகலாம் என்றால் கானாவில் இருந்தவர்களுக்குப் பிரிட்டிஷ் விசா இல்லை. கடைசியில் ஒருவர் நைஜீரியாவுக்குப் பறந்து, விமான நிலையத்தில் இன்னொருவரிடம் ஹார்ட் டிஸ்க்கைக் கொடுக்க, அவர் லண்டனுக்குக் கொண்டுபோனார். விசா, விமான நிலையம், பைக்குள் ஒரு டிஸ்க். எங்கட ஆட்களுக்கு விளங்காத கதையா இது? 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டில் நாங்கள் மெழுகுதிரியோடு ஏ/எல் படித்தபோது யாராவது இந்தக் கதையைச் சொல்லியிருக்கலாம், கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

150 பிரதியும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தால் அது ஒரே பிரதிதான். பெரியப்பாவின் ஆல்பத்தைத் திருப்பித் தந்தது லண்டனும் யாழ்ப்பாணமும், அதாவது எரிந்த வீட்டோடு இணைப்பில்லாத அலுமாரிகள்.

நானா எப்படிக் கழட்டினார் என்பதையும் எழுதிவிடுகிறோம், யாருக்காவது உதவும். எங்கட மெசின் ஏற்கனவே செத்துக் கிடந்தது. ஓடுகிற மெசின் என்றால் முதலில் ஒழுங்காக நிறுத்த வேண்டும், இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. விண்டோஸ் 8இலிருந்து 'ஷட் டவுன்' என்பது பல மெசின்களில் முழு ஷட் டவுன் அல்ல. அடுத்த தடவை விரைவாக எழும்பவென்று பாதி நினைவை டிஸ்க்கில் எழுதிவிட்டுத் தூங்கும். அந்த நிலையில் டிஸ்க்கைக் கழட்டி வேறு மெசினில் போட்டு ஏதாவது எழுதினால், திரும்பக் கொண்டுவந்து பூட்டும்போது கணக்கு முரண்படும், கோப்புகள் கெடும். ஷிஃப்ட்டை அமத்திப் பிடித்துக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தால் முழுதாக நிற்கும். பிறகு பின்னால் இருக்கிற சுவிட்ச்சை நிறுத்தி, வயரைச் சுவரிலிருந்து பிடுங்கி, முன்னால் இருக்கிற பவர் பட்டனை ஒருதரம் அமத்தி மிச்சக் கரண்டை இறக்குவது. மூடியைத் திறந்ததும் எது எங்கே செருகியிருக்கிறது என்று போனில் ஒரு படம். "மனசுல வச்சிருக்கன் என்டு சொல்றவன் திரும்பி வருவான்" என்றார்.

பெட்டியின் தகரத்தைத் தொட்டுவிட்டு, டேட்டா வயர், பவர் வயர் இரண்டையும் கழட்டினார். டேட்டாவை மட்டும் கழட்டினாலும் போதுமே என்றோம். எழுதாது, சரி, ஆனால் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், அதிரும், சூடாகும், ஏன் என்றார். டிஸ்க்கைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கவில்லை. வயர்களை மட்டும் விலக்கி ரப்பர் பேண்ட் போட்டார். பிறகுதான் சுவிட்ச் போட்டார். இன்ஸ்டோலரின் திரையில் ஒரே ஒரு டிஸ்க்தான் இருந்தது. தெரிவு செய்ய ஒன்றுமில்லை. எங்களில் ஒருத்தி அதுவரை பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டது எங்களுக்குக் கேட்டது.

லினக்ஸ் ஏறி, ஒருதரம் தனியாக எழும்பிக் காட்டியது. திரும்ப நிறுத்தி, டிஸ்க்கைப் பூட்டி, மூன்றாம் தரம் சுவிட்ச் போட்டபோது அந்தப் பழைய டிஸ்க் மெல்லச் சுற்றத் தொடங்கும் சத்தம் கேட்டது. எழுத முடியாதபடி, வாசிக்க மட்டும் திறந்தோம். 'பழசு' என்று ஒரு ஃபோல்டர். உள்ளே 'மாமி யாழ்', 'லண்டன் தம்பி', 'ரொறன்ரோ ராணி' என்று யாரிடமிருந்து கடன் வாங்கினாரோ அவர்களின் பெயரில் ஃபோல்டர்கள்.

நானா இப்போது இந்த வேலையைக் குறைவாகத்தான் செய்கிறாராம். புது மெசின்களில் டிஸ்க் என்பது மதர்போர்டில் படுத்துக் கிடக்கிற சூயிங்கம் அளவுப் பலகை, அதன் மேலே வெப்பம் இறக்குகிற தகடு, சிலதில் அதற்கும் மேலே கிராஃபிக்ஸ் கார்ட். கழட்டலாம், ஆனால் பாதி மெசினைப் பிரிக்க வேண்டும். சில லெப்டொப்களிலும் எல்லாப் போன்களிலும் பலகையோடு ஈயம் வைத்து ஒட்டியே விட்டார்கள். அதற்கு மேலாக, புது விண்டோஸ் 11 பல மெசின்களில் தானாகவே டிஸ்க்கைக் குறியாக்கிப் பூட்டிவிடுகிறது, திறப்பு அந்த மெசினுக்குள்ளே. கழட்டி வேறு மெசினில் போட்டால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். திருடனிடமிருந்து காப்பாற்றும் என்பது சரிதான். ஆனால் ஆள் செத்துப்போய், அந்த 48 இலக்கம் எந்த ஈமெயிலில் இருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாவிட்டால்? இப்படி வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதுதான் தனக்கு இந்தத் தொழிலில் ஆகக் கஷ்டம் என்றார். பெரியப்பா இரண்டு வருஷம் பிந்தி ஒரு புது மெசின் வாங்கியிருந்தால் எங்களையும் அவர் திருப்பித்தான் அனுப்பியிருப்பார்.

'பழசு' 61 ஜிபி வந்தது. அன்றைக்கே கடையில் நின்று ஒரு வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி. பிறகு இன்னொன்று எடுத்து யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்துவிட்டோம். மூலம் இப்போது ஒரு மலிபன் பிஸ்கட் டின்னுக்குள், ஃபோம் சுற்றி, கொட்டாஞ்சேனையில் சாமித் தட்டுக்குக் கீழே. (மலிபன் என்ற பெயரே புறக்கோட்டையில் இருக்கிற தெருவின் பெயர்தான்.) தற்காலிகமாக என்று சொல்லித்தான் கழட்டினோம். மெசினுக்குள் அந்த சாட்டா வயர் இன்னமும் ரப்பர் பேண்ட்டோடு தொங்குகிறது. பெரியம்மா கேட்டால் திரும்பப் பூட்டிக் கொடுப்போம். அவ இன்னும் கேட்கவில்லை.